மூன்று ஊருக்கு ஒன்றரை நர்ஸ்

போன வாரம் உங்களில் ஒருவர் என் மேஜைமேல் ஒரு தாளை வைத்து, "மேடம், விடை வந்துடுச்சு. கம்ப்யூட்டரே போட்டுக் கொடுத்துடுச்சு" என்று சிரித்தார். தாள் முழுக்க அரை, அரை, அரை என்று இருந்தது. வயதுக்குப் பொருந்தாத சத்தத்தில் அவரைத் திட்டிவிட்டேன். ஓய்வு பெற்ற பிறகும் என்னை அலுவலகத்துக்கு அழைத்து நாற்காலி போட்டு யோசனை கேட்கிறீர்கள். அப்படிப்பட்ட இடத்தில் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுதக் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஆகவே அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்றே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். கணிதத்தில் பட்டம் பெற்று, சேலத்தில் ஒரு திட்ட அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். ஏற்காடு மலையில் துணைச் சுகாதார நிலையங்களை எங்கெங்கே வைப்பது என்று கணக்குப் போட்டுத் தரும்படி எங்கள் பிரிவுக்கு உத்தரவு வந்தது. விதி ஒன்றுதான். எந்த ஊரிலிருந்தும் ஒரு மணி நேர நடைக்குள், வேலை நாள் எதுவானாலும், ஒரு நர்ஸ் இருக்க வேண்டும். அதைக் குறைந்தபட்சம் எத்தனை நர்ஸ்களை வைத்துச் செய்யலாம்?

இதற்கான அட்டவணை எளிது. குறுக்கே ஓடும் ஒவ்வொரு நிரையும் ஓர் ஊர். கீழே இறங்கும் ஒவ்வொரு நிரலும் நிலையம் வைக்கத் தகுந்த ஓர் இடம். அந்த ஊரிலிருந்து அந்த இடத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் நடந்துவிட முடிந்தால் 1, முடியாவிட்டால் 0. கையில் கடிகாரத்தோடு நானே நடந்து நடந்துதான் அந்த ஒன்றுகளையும் பூஜ்யங்களையும் நிரப்பினேன். கரடியூர்ப் பக்கம் ஒரு மாதம், கிளியூர்ப் பக்கம் சில வாரம். அந்த நடையில் எனக்கு ஒரு கர்வம் வந்துவிட்டது. நான் நடந்த பாதை, நான் போட்ட எண், இதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது என்று.

அப்போது எங்களிடம் கணினி கிடையாது. சேலத்தில் ஒரு கல்லூரியில் இருந்த கணினியில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் எங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஒவ்வோர் இடத்துக்கும் முழு நர்ஸா, நர்ஸே இல்லையா என்று கறாராகக் கேட்டால் அந்த இயந்திரம் எங்கள் ஒரு மணி நேரத்தையும் விழுங்கிவிட்டு விடை சொல்லாமல் நிற்கும். பின்னமும் வரலாம் என்று விட்டுவிட்டால் சட்டென்று முடித்துவிடும். நான் இரண்டாவது வழியில் போனேன். கரடியூர்ப் பக்கத்துக்குப் போட்டேன். எல்லாம் 0 அல்லது 1. கிளியூர்ப் பக்கத்துக்குப் போட்டேன், அப்படியே. ஒரு பின்னம்கூட எட்டிப் பார்க்கவில்லை.

"இந்தக் கணக்கில் பின்னம் வராது சார்" என்று மேலதிகாரியிடம் பெருமையாகச் சொன்னேன். ஏன் வரவில்லை என்று நான் என்னையே ஒரு முறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. நான் செய்த முதல் தப்பு அதுதான். சாதகமாக வந்த விடையை யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை.

நாகலூருக்கு அப்பால் மூன்று சிற்றூர்கள். உண்மைப் பெயர்கள் வேண்டாம். பலாமேடு, ஓடையூர், பாறைப்பட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பலாமேட்டிலிருந்து ஓடையூருக்கு ஒரு பாதை, ஓடையூரிலிருந்து பாறைப்பட்டிக்கு ஒரு பாதை. ஒவ்வொரு பாதையின் நடுவிலும் நிலையத்துக்கு ஏற்ற ஓர் இடம்; அதே வரிசையில் முதல் நிலையம், இரண்டாம் நிலையம். கணினி இரண்டு நர்ஸ் வேண்டும் என்றது. கோப்பு மேலே போனது.

அந்த நேரத்தில் ஓர் எஸ்டேட்காரர் தன் காப்பி மூட்டைகளுக்காகப் பாறைப்பட்டிக்கும் பலாமேட்டுக்கும் இடையே ஜீப் போகும்படி புதுப் பாதை வெட்டினார். மூன்று ஊரும் ஒரு வளையமாகிவிட்டது. புதுப் பாதையின் நடுவிலும் மூன்றாவதாக ஒரு நிலையம் வைக்கலாம் என்று ஆனது. "திரும்பப் போட்டுப் பாருங்கம்மா, குறையுதான்னு" என்றார் மேலதிகாரி.

போட்டேன். முதல் நிலையம் அரை. இரண்டாம் நிலையம் அரை. மூன்றாம் நிலையம் அரை.

மேலதிகாரி கூட்டிப் பார்த்து மகிழ்ந்தார். "ஒன்றரை! அரை போஸ்ட் மிச்சம்."

"சார், அரை நர்ஸ் எப்படி?" என்றேன்.

"வாரத்துல பாதி நாள்னு அர்த்தம். ஒவ்வொரு நிலையமும் மூணு நாள் திறந்திருக்கும். ஒவ்வொரு ஊருக்கும் கைக்கெட்டுற தூரத்துல ரெண்டு நிலையம். பாதியும் பாதியும் சேர்ந்தா ஒண்ணுதானே? நீங்களே சொல்லுங்க."

நான் தலையாட்டினேன். பாதியும் பாதியும் ஒன்றுதானே! கணிதப் பட்டம் வாங்கியவள், அதை மறுக்க எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

உத்தரவு போனது. ஒரு நர்ஸ் முழு நேரம். ஏற்கெனவே நாகலூரில் இருக்கும் நர்ஸ் வாரத்தில் மூன்று நாள். "எந்த ஊரும் எந்த நாளும் விடுபடாதபடி நர்ஸ்களே தங்களுக்குள் நாட்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும்" என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. முடியாத ஒன்றைச் செய் என்று ஒருவருக்கு உத்தரவு போட்டுவிட்டு, அதை எப்படிச் செய்வது என்பதையும் அவர் தலையிலேயே கட்டுவது.

முழு நேர நர்ஸின் பெயர் எஸ்தர் என்று வைத்துக்கொள்வோம். என் வயதுதான். ஏற்காட்டில் மிஷன் பள்ளியில் படித்தவர். உத்தரவு கிடைத்த வாரமே பஸ் பிடித்துச் சேலத்துக்கு வந்து என் மேஜை முன்னால் நின்றார். கையில் பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள்.

"ஏனுங்க மேடம், நீங்கதானுங்களா அந்தக் கணக்குப் போட்டவங்க?"

"ஆமாம்."

"இதக் கொஞ்சம் பாருங்க. திங்கள், செவ்வாய், புதன் நான் மொத நெலையத்துல இருக்கேன்னு வைங்க. அப்ப மிச்ச மூணு நாளைக்கு ஓடையூருக்காக ரெண்டாவது நெலையத்துக்குப் போயிறோணும். சரிங்களா? ரெண்டாவது பின்னாடி மூணு நாள்னா, பாறைப்பட்டிக்கு முன்னாடி மூணு நாள் மூணாவது நெலையம் தொறக்கோணும். அத நாகலூர் அக்கா பாத்துக்குவாங்க. ஆனா பலாமேட்டுக்காரங்களுக்கு மொதலும் மூணாவதுந்தானுங்களே கிட்ட? ரெண்டுமே முன்னாடி மூணு நாள்லயே தொறந்து மூடிப்போகுது. வியாழன், வெள்ளி, சனி அவங்களுக்கு ஆருமே இல்லீங்க."

"நாட்களை மாற்றிப் போடுங்கள்" என்றேன்.

"மாத்துனா ஓடையூரு விட்டுப் போகுதுங்க. இல்லாட்டிப் பாறைப்பட்டி. ஏதாச்சும் ஒரு ஊரு விட்டுப் போயிருதுங்க. நாலு வாட்டி எழுதிப் பாத்துட்டேன்."

எனக்கு அன்று மாலைக்குள் வேறொரு அறிக்கை முடிக்க வேண்டியிருந்தது. அது ஒரு சாக்கு. உண்மையில், சுகாதாரப் பயிற்சி மட்டும் முடித்த ஒருவர் என் கணக்கில் ஓட்டை இருக்கிறது என்று சொல்ல வந்தது எனக்குப் பிடிக்கவில்லை. "கூட்டினால் ஒன்று வருகிறது. வந்தே ஆக வேண்டும். ஐந்தாவது தடவை போட்டுப் பாருங்கள்" என்றேன். தாளை வாங்கிக் கோப்புக்குள் செருகினேன். படிக்கவில்லை.

எஸ்தர் "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாலு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து மழை. பலாமேட்டில் பாவாயி என்ற பெண்ணுக்கு நாள் இருக்கும்போதே வலி கண்டுவிட்டது; உதிரமும் போக ஆரம்பித்துவிட்டது. கம்பில் தூளி கட்டி, கணவரும் மைத்துனர்களும் அவரை முதல் நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பூட்டியிருந்தது. திரும்ப ஊருக்கு வந்து, மறு திசையில் எஸ்டேட் பாதை வழியாக மூன்றாம் நிலையத்துக்குப் போனார்கள். அதுவும் பூட்டியிருந்தது. அதற்குமேல் தூக்கிக்கொண்டு நடக்க முடியவில்லை. அந்த நிலையத்தின் வாசலிலேயே, கூரை நீட்டத்தின் கீழே இறக்கிப் படுக்க வைத்தார்கள். மைத்துனர்களில் ஒருவர் பாறைப்பட்டி வழியாக இரண்டாம் நிலையத்துக்கு ஓடினார். எஸ்தர் அன்று அங்கேதான் இருந்தார், முறைப்படி. பையை எடுத்துக்கொண்டு காப்பிச் செடிகளுக்குள் குறுக்கே விழுந்து எழுந்து வந்து சேர்ந்தார்.

குழந்தை பிறந்து இறந்துபோயிருந்தது. ஆண் குழந்தை. பாவாயிக்கு இரத்தப் போக்கு நிற்கவில்லை. எஸ்தர் ஒரு மணி நேரத்துக்கு மேல் போராடி அதை நிறுத்தினார். எஸ்டேட் ஜீப்பை மறித்து, கெஞ்சி, பாவாயியை ஏற்றி ஏற்காட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பாவாயி பிழைத்தார்.

இதற்கு எஸ்தருக்கு என்ன கிடைத்தது தெரியுமா? குற்றச்சாட்டு மெமோ.

நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானும் நம்பவில்லை. அதில் எழுதியிருந்த வாதம் இதுதான்: கணினி முறைப்படி பலாமேட்டுக்கு வாரம் முழுவதும் நர்ஸ் சேவை உண்டு, அன்று சேவை கிடைக்கவில்லை, ஆகவே நர்ஸ் நாட்களைச் சரியாகப் பிரித்துக்கொள்ளவில்லை. கணக்கு தப்பாது, ஆகவே மனிதர்தான் தப்பியிருக்க வேண்டும்! ஓர் உயிரை மீட்ட கையைப் பிடித்துத்தான் அந்தக் காகிதம் முறுக்கியது.

மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். தட்டச்சு செய்த ஓர் அறிக்கை தயாராக இருந்தது. "அட்டவணையின்படி மூன்று ஊர்களுக்கும் முழுமையான சேவை கிடைக்கும்" என்று நான் சான்று சொல்ல வேண்டும். "இது வெறும் கணக்கு விஷயம்மா. கூட்டினா ஒண்ணு வருதா இல்லையா? அதை மட்டும்தான் சொல்றீங்க. விசாரணை நாளைக்கு மறுநாள். கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க."

"ஒரு நாள் கொடுங்கள் சார்" என்றேன். வீரம் ஒன்றுமில்லை, பயம்தான். பேனாவை எடுத்தால் போட்டுவிடுவேன் என்ற பயம்.

மேஜைக்கு வந்து கோப்பைத் திறந்தேன். நோட்டிலிருந்து கிழித்த அந்தத் தாள் செருகிய இடத்திலேயே இருந்தது. படித்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு நிலையம் முன்பாதி வாரம் என்றால் அதன் இரு பக்கத்து நிலையங்களும் பின்பாதி வாரமாக இருக்க வேண்டும். நாலு நிலையம் வளையமாக இருந்தால் முன், பின், முன், பின் என்று ஒழுங்காகச் சுற்றி வந்துவிடும். மூன்று என்றால் சுற்றி வரும்போது எங்கேயோ ஓரிடத்தில் முன்னும் முன்னும் மோதும், அல்லது பின்னும் பின்னும். ஐந்தாவது தடவை அல்ல, ஐயாயிரம் தடவை எழுதினாலும் வராது. பாதியும் பாதியும் ஒன்றாவது, அந்த இரண்டு பாதிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் இருந்தால் மட்டும்தான். பட்டம் வாங்காத எஸ்தர் அதை எழுதி நிரூபித்து என் கையிலேயே கொடுத்திருந்தார்.

கல்லூரிக் கணினி அறைக்கு ஓடினேன். எங்கள் கணக்கை இயந்திரத்தில் ஏற்றித் தருபவரிடம் அட்டவணையைக் காட்டினேன். அவர் ஒரு நொடி பார்த்தார். "இது சமநிலை அணி இல்லீங்களே. ஒற்றைப்படை வளையம் இருக்கு."

"அப்படியென்றால்?"

"ஒற்றைப்படை எண்ணிக்கையில நிரை, அதே எண்ணிக்கையில நிரல் எடுத்து, ஒவ்வொண்ணுலயும் சரியா ரெண்டு ஒண்ணு மட்டும் வர்ற மாதிரி ஒரு துண்டை அட்டவணைக்குள்ள எங்கேயும் பிரிச்செடுக்க முடியலைன்னா அது சமநிலை அணி. அதுல பின்னத்துக்கு இடம் கொடுத்தாலும் முழு எண் விடை வந்துடும். உங்க பழைய பாதையெல்லாம் மரக்கிளை மாதிரி, பிரிஞ்சு போனா திரும்பச் சேராது. அதுல அப்படி வளையம் வராது. இப்ப வளையம் வந்துடுச்சு, அரையும் வந்துடுச்சு." தயங்கிவிட்டுச் சொன்னார்: "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சுத்தான் நான் ஒண்ணும் சொல்லலீங்க."

எனக்குத் தெரியும் என்று அவர் நினைத்தார். இயந்திரத்துக்குத் தெரியும் என்று நான் நினைத்தேன். எனக்கும் இயந்திரத்துக்கும் சேர்த்துத் தெரியும் என்று மேலதிகாரி நினைத்தார். தெரிந்த ஒரே ஆளை நான் திருப்பி அனுப்பியிருந்தேன்.

விசாரணை ஏற்காட்டில் ஒரு சின்ன அறையில் நடந்தது. வட்ட மேஜை, அதைச் சுற்றி மூன்று அதிகாரிகள். எஸ்தர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு யாரும் நாற்காலி போடவில்லை. என் மேலதிகாரி சன்னலோரம். நான் அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை என்பது அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

"இந்த உத்தரவை யாராலும் நிறைவேற்ற முடியாது. தப்பு என் கணக்கில் இருக்கிறது" என்றேன்.

நடுவில் இருந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "எங்களுக்குக் கணக்கெல்லாம் வராதும்மா. புரியற மாதிரி சொல்லுங்க."

"சார், நீங்கள் மூவரும் மூன்று நிலையங்கள். முன்பாதி வாரம் திறந்தால் உள்ளங்கையைக் காட்டுங்கள். பின்பாதி வாரம் என்றால் கையை மூடிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு விதி. உங்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் காட்டுவதை நீங்கள் காட்டக் கூடாது. வட்ட மேஜை, ஆகவே உங்கள் ஒவ்வொருவருக்கும் மற்ற இருவருமே பக்கத்தில் இருப்பவர்கள்."

முதலில் தயங்கினார்கள். பிறகு ஒருவர் கையை விரித்தார். அடுத்தவர் மூடினார். மூன்றாமவர் விரித்தார், முதலாமவரைப் பார்த்து மூடினார், இரண்டாமவரைப் பார்த்துத் திரும்ப விரித்தார். "நீங்க மாத்துங்க சார்." "நான் மாத்துனா இவரோட சேர்ந்துடுதே." கொஞ்ச நேரம் மூன்று பெரிய அதிகாரிகள் கையை மூடி மூடி விரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குச் சிரிப்புக்கூட வந்துவிட்டது.

"இது வராதும்மா" என்றார் கண்ணாடிக்காரர்.

"வராது சார். இதைச் செய்யச் சொல்லித்தான் அவருக்கு உத்தரவு போனது. செய்யாததற்குத்தான் மெமோ."

சிரித்தவர் கையை மேஜைக்குக் கீழே இறக்கிக்கொண்டார். எஸ்தரை உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காரவில்லை. "நிக்கிறேனுங்க" என்றார்.

இதோடு நியாயம் வென்றது என்று முடித்துவிடலாம் என்றால், இல்லை. மெமோ "எதிர்காலத்தில் கவனமாக இருக்கும்படி அறிவுறுத்தி" மூடப்பட்டது. எதில் கவனம்? ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருப்பதிலா? அடுத்த வருடம் இரண்டாவது முழு நேர நர்ஸ் வந்தார். கோப்பில் காரணம் "பணிப்பளு கூடியதால்" என்று இருக்கிறது. உத்தரவு தப்பு என்று எங்கேயும் ஓர் எழுத்து கிடையாது. என் தப்பை ஒத்துக்கொண்டு நான் எழுதிய விளக்கக் கடிதத்தை, அந்தப் பத்தியை மட்டும் நீக்கி எழுதித் தரும்படி திருப்பி அனுப்பினார்கள். மாற்றாமல் மறுபடி அனுப்பினேன். திரும்ப வந்தது. மூன்று முறை. கடைசியில் அது கோப்பில் சேரவே இல்லை. எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு ஆறு வருடம் தள்ளிப்போனது. அதற்காக நான் வருந்தவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்த அலுவலகத்தில் அன்றைக்கு யாரும் கெட்டவர் இல்லை. மேலதிகாரி வீட்டில் பெண் பிள்ளைகளை நன்றாகப் படிக்க வைத்த நல்ல மனிதர். அந்த எண்ணுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். இன்றைக்கும் அதையே இன்னும் வேகமான இயந்திரத்தில் செய்கிறீர்கள். பின்னம் வந்தால் மேலேயோ கீழேயோ தட்டி முழு எண்ணாக்கும் பொத்தான்கூட வந்துவிட்டது. எந்தப் பக்கம் தட்டுகிறீர்கள், அந்தப் பக்கத்தில் யார் வீடு இருக்கிறது என்று ஒருவராவது எழுந்து போய்ப் பார்த்தீர்களா?

விசாரணை முடிந்த மறுநாள் எஸ்தரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அன்னைக்கே நீங்க அந்தத் தாளப் பாத்திருக்கலாம் மேடம்" என்றார். பிறகு, "பாவாயியப் பாக்கப் போறேன். வர்றீங்களா?" என்று கேட்டார்.

போனேன். பாவாயி வெளியில் உட்கார்ந்து கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். எஸ்தரைக் கண்டதும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார். நான் யாரென்று எஸ்தர் சொன்னார், மறைக்காமல். நான் எதிர்பார்த்த வசவு வரவில்லை. பாவாயி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்கம்மணி, அந்தக் கணக்குல எங்க ஊரும் இருந்துச்சுங்களா?"

"இருந்தது."

"எங்கீங்க? காட்டுங்க பாக்கலாம்."

பையிலிருந்து அட்டவணையை எடுத்து விரித்தேன். பலாமேடு, முதல் நிரை. ஒன்று, பூஜ்யம், ஒன்று. பாவாயிக்குப் படிக்கத் தெரியாது; எண்கள் தெரியும். விரலை வைத்து மெதுவாகப் பார்த்தார்.

"ரெண்டு எடத்துல ஒண்ணு போட்டிருக்கீங்க."

"ஆமாம். அந்த இரண்டு நிலையங்களும் உங்கள் ஊருக்குக் கிட்டத்தில் இருப்பவை."

"ரெண்டு எடத்துக்கும் போனோமுங்க" என்றார் பாவாயி. "ரெண்டும் பூட்டிக் கெடந்துச்சுங்க."